ஒரு ஃபைல், இரண்டு சிபாரிசு

"யார் காலிலும் போய் விழ மாட்டேன். கடன் வந்தால் என் யோக்கியதைக்கு வரட்டும், இல்லாவிட்டால் தொலையட்டும்" என்று போன வாரம் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சபதம் போட்டாளே அக்கா, நினைவிருக்கிறதா? அந்தச் சபதம் நாலு நாள் தாங்கியது. என்னுடைய சபதங்கள் நாலு மணி நேரம்கூடத் தாங்குவதில்லை என்பதால் அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

இந்த வாரம்தான் படிக்க ஆரம்பிக்கிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தெருவே அக்கா என்று கூப்பிடும் இவளும், பெட்டிக்காரர் என்று பெயர் வாங்கிவிட்ட இவள் கணவரும் அட்டைப்பெட்டி செய்யும் ஷெட் ஒன்று நடத்துகிறார்கள். தொழில் அக்காவின் பெயரில். பதினோரு பேர் வேலை பார்க்கிறார்கள். பழைய மெஷின் மடிப்புக் கோட்டைக் கோணலாகப் போடுகிறது. அதனால் பெட்டியை மூடினால் மேல்மடல் இரண்டும் நடுவில் சந்திக்காமல் ஒரு விரல் இடைவெளி விட்டு நிற்கின்றன. பிஸ்கட் கம்பெனிக்காரர்கள் அந்த ஒரு விரலைக் காட்டி மூன்று லோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். புது மெஷின் வந்தால்தான் இனி ஆர்டர். மெஷின் விற்பவரோ சனிக்கிழமை வரைதான் பொறுப்பேன் என்கிறார். இன்று புதன்.

வங்கியில் அவர்கள் ஃபைல் ஏழு மாதமாகத் தூங்குகிறது. எதிர் ஷெட் நாற்காலிக்காரர் போன கடனையே ஒழுங்காகக் கட்டாத மனிதர். அவருக்கு ஒன்பதே நாளில் புதுக் கடன் வந்து இறங்கியது. அவருடைய சகலை பெரிய இடத்தில் யாருக்கோ வலது கையாம். யாருக்கு என்று நான் சொல்லப் போவதில்லை, எனக்கும் குடும்பம் இருக்கிறது.

இனி கதைக்குப் போவோம்.

காலை ஒன்பது மணிக்கு வங்கி மேலாளர் அம்மாவே போன் செய்தார். "பதினோரு மணிக்கு வாங்க. ரெண்டு பேரும் வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். அந்தக் குரலில் கோபமா, சந்தோஷமா என்று அக்காவுக்குப் பிடிபடவில்லை.

"என்னவாம்?" என்றார் பெட்டிக்காரர்.

"ரெண்டு பேரையும் வரச் சொல்றாங்க."

"நல்ல விஷயமாத்தான் இருக்கும். என் மனசு சொல்லுது."

"என் மனசும் அதத்தான் சொல்லுது."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தயாரானார்கள். பெட்டிக்காரர் ஏற்கெனவே சவரம் செய்த முகத்தை இன்னொரு தடவை சவரம் செய்தார். அக்கா கல்யாண வீடுகளுக்கு மட்டும் எடுக்கும் கைப்பையை எடுத்தாள். ஸ்கூட்டரில் போகும்போது அவர் ஏதோ பாட்டை முணுமுணுத்தார். பின்னால் உட்கார்ந்து அவளும் அதே பாட்டை முணுமுணுத்தாள். இருபத்திரண்டு வருடக் கல்யாணத்தில் இவர்கள் இப்படி ஒத்துப்போனது அபூர்வம். ரகசியம் வைத்திருக்கிறவர்கள்தான் இவ்வளவு ஒற்றுமையாக இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தக் கடனுக்காக வங்கிக்கு அக்கா வருவது இது பதினைந்தாவது தடவை. கயிறு கட்டிய பேனா எந்தக் கவுண்டரில் எழுதும், எதில் எழுதாது என்பதுகூட அவளுக்குத் தெரியும். மேலாளர் அறையில் கை உடைந்த நாற்காலி எது என்றும் தெரியும். பெட்டிக்காரருக்குத் தெரியாது. அவர் அதில் போய் உட்கார்ந்து, சாயப் பார்த்து, சமாளித்து நிமிர்ந்தார்.

மேலாளர் அம்மா ஃபைலைத் திறந்து இரண்டு கடிதங்களை எடுத்து மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

ஒன்று ஆளும் கட்சிக் கவுன்சிலருடையது. இன்னொன்று எதிர்க்கட்சித் தலைவருடையது. இரண்டிலும் விஷயம் ஒன்றுதான்: இந்த அம்மையார் எனக்கு நன்கு தெரிந்தவர், கடன் கொடுத்து உதவவும்.

அக்கா கவுன்சிலர் கடிதத்தைப் பார்த்தாள். கவுன்சிலர், அவள் நாத்தனாருடைய மாமனார். பெட்டிக்காரர் தலைவர் கடிதத்தைப் பார்த்தார். அந்தத் தலைவரிடம்தான் அக்காவின் தம்பி கார் ஓட்டுகிறான். இரண்டு பேர் முகத்திலும் ஈயாடவில்லை.

"நீ..." என்றார் அவர்.

"நீங்க..." என்றாள் அவள்.

"வீட்டுக்குப் போயி சண்டை போட்டுக்கலாம்" என்றார் மேலாளர் அம்மா. "முதல்ல நான் சொல்றதக் கேளுங்க. பத்து நிமிஷ இடைவெளியில ரெண்டும் வந்துச்சு, திங்கக்கிழமை காலையில. உங்க ஃபைலை நான் அதுக்கு முந்தின வியாழக்கிழமையே எழுதி மேல அனுப்பிட்டேன். வெள்ளிக்கிழமை மேல ஒத்துக்கிட்டாங்க. திங்கக்கிழமை மத்தியானம் உங்களுக்குக் கடன் லெட்டர் அடிச்சுக் குடுக்க வேண்டியதுதான் பாக்கி."

அக்கா மேஜைமேல் குனிந்தாள். "ஒத்துக்கிட்டாங்களா? யாரு சொல்லி?"

"யாரும் சொல்லல. நான் எழுதினதப் படிச்சுத்தான்." மேலாளர் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஃபைலிலிருந்து வாசித்தார். "'பதினான்கு வருடத்தில் ஒரு தவணைகூடத் தாமதமில்லை. தொழில் தெரிந்தவர். கொடுக்கலாம்.' இவ்வளவுதான் எழுதினேன். எழுத ஏழு மாசம் ஆச்சு, அது எங்க ஆபீஸ் லட்சணம். ஆனா எழுதினேன்."

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. பதினான்கு வருடமாக ஒவ்வொரு மாதமும் நாலாம் தேதி வந்து வரிசையில் நின்றிருக்கிறாள். காய்ச்சலோடு வந்திருக்கிறாள். மாமியார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வந்திருக்கிறாள். அதை ஒருவரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்திருந்தாள். யாரோ பார்த்து, மூன்று வரி எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

"அப்புறம் என்னங்க பிரச்சனை?" என்றார் பெட்டிக்காரர்.

"இதுதான் பிரச்சனை." மேலாளர் அம்மா இரண்டு கடிதங்களையும் விரலால் தட்டினார். "வெளியாள் சிபாரிசு எழுத்துல வந்தா ரிஜிஸ்டர்ல ஏத்தணும். அன்னிக்கே நகல் மேல போகணும். மேல அதுக்குன்னு ஒரு கமிட்டி இருக்கு. அது இன்னும் பத்து நாள் கழிச்சு, இருபதாம் தேதிதான் கூடும். அதுவும் உங்களுக்கு ரெண்டு கட்சி! இப்ப நாங்க கடன் குடுத்தா, யார் பேச்சைக் கேட்டுக் குடுத்தீங்கன்னு ரெண்டு பக்கமும் கேப்பாங்க. குடுக்கலைன்னா ரெண்டு பக்கமும் திட்டுவாங்க."

"எதிர் ஷெட்காரருக்கு ஒம்பது நாள்ல குடுத்தீங்களே, அதுக்கு ரிஜிஸ்டர் இல்லையா?" அக்காவுக்குக் குரல் உயர்ந்துவிட்டது.

மேலாளர் அம்மா கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்தார். "அவருக்கு லெட்டர் வரலம்மா. போன் வந்துச்சு. எனக்கில்ல, எனக்கும் மேல. போன்ல வர்றதுக்கு ரிஜிஸ்டர் கிடையாது."

எனக்கு இந்த இடத்தில் எழுதுகோலை வீசிவிட்டு எழுந்து போகத் தோன்றுகிறது. உண்மையிலேயே செல்வாக்கு உள்ளவனிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. இல்லாதவன்தான் லெட்டர் பேடு, முத்திரை, பச்சை மையில் கையெழுத்து என்று பவ்யமாக உறையில் போட்டுக் கொண்டுவந்து மாட்டிக்கொள்கிறான்.

"ஒரு வழி இருக்கு" என்றார் மேலாளர் அம்மா. "சிபாரிசை வாபஸ் வாங்கிக்கிறோம்னு ரெண்டு பேர்கிட்டயும் எழுதி வாங்கிட்டு வாங்க. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள. வந்துட்டா ரிஜிஸ்டர்ல 'வாபஸ்'னு போட்டு மூடிட்டு, என் பழைய குறிப்பு மேலயே கடன் லெட்டர் குடுத்துடுவேன்."

"சிபாரிசு பண்ணாதீங்கன்னு சிபாரிசு கேக்கச் சொல்றீங்க" என்றார் பெட்டிக்காரர்.

"நானா லெட்டர் கேட்டேன்?" என்றார் அந்த அம்மா. நியாயமான கேள்விதான்.

வங்கிப் படியில் இறங்கும்போது பெட்டிக்காரர்தான் ஆரம்பித்தார். "சபதம் போட்டியே பெருசா!"

"நீங்க மட்டும்? 'நீ சொன்னா சரிதாம்மா, யார்கிட்டயும் கேக்க வேணாம்'னு தலைய ஆட்டிட்டு, நேரா தங்கச்சி வீட்டுக்கு ஓடியிருக்கீங்க."

"நீ கோச்சுக்குவேன்னுதான் சொல்லல."

"நானும் அதுக்குத்தான் சொல்லல."

கொஞ்ச நேரம் ஸ்கூட்டரின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றார்கள். பிறகு அக்கா மெதுவாகச் சொன்னாள். "நம்ம யோக்கியதைக்கே கெடச்சிருச்சுங்க. நாமளே போய்க் கெடுத்துட்டு வந்திருக்கோம்."

*

பெட்டிக்காரர் தங்கை வீட்டுக்குப் போனார். அவர் மதியம் இரண்டு மணிக்குப் போனில் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"வாங்கிட்டேன். நீட்டினேன், கவுன்சிலர் கையெழுத்துப் போட்டுட்டார். என்ன காகிதம்னுகூடக் கேக்கல. அன்னிக்கும் இப்படித்தான் போட்டார்."

"உங்க தங்கச்சி?"

"அவதான் படிச்சா. 'எங்க மாமனார் பேரு உங்களுக்குக் கசக்குதா? இனிமே இந்த வாசப்படி மிதிக்காதீங்க'ன்னு சொல்லிக் கதவச் சாத்திட்டா."

"நெஜமாவா சாத்திட்டா?"

"என் செருப்பு உள்ள மாட்டிக்கிச்சு. மறுபடி கூப்பிட்டு வாங்கிட்டு வந்தேன்."

அக்காவுக்குச் சிரிக்க நேரமில்லை. அவள் அப்போது தலைவர் அலுவலகத்துக்குப் பின்னால், கார்கள் நிற்கும் சந்தில் தம்பியைத் தேடிக்கொண்டிருந்தாள். அவன் காருக்குள் சீட்டைச் சாய்த்துப்போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். முப்பது வயதாகியும் தூங்கும்போது வாயைத் திறந்துகொண்டுதான் தூங்குவான். அவள் கண்ணாடியைத் தட்டினாள்.

"டேய், எந்திரி. உங்க தலைவர்கிட்ட ஒரு கையெழுத்து வேணும். உடனே வேணும்."

விஷயத்தைக் கேட்கக் கேட்க அவன் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. "ஏறு, உள்ள உக்காரு. கதவச் சாத்து" என்றான்.

"எதுக்குடா?"

"சாத்துக்கா முதல்ல."

சாத்தினாள். அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடியே சொன்னான். "அவர்கிட்ட நான் கேக்கவே இல்ல."

"என்னடா சொல்ற? கையெழுத்து இருக்கே?"

"கையெழுத்து அவரோடதுதான். லெட்டர்தான் என்னோடது." அவன் பின்கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துக்கொண்டான். "வெளியூர் போறப்ப வெத்து லெட்டர் பேடுல இருபது முப்பது கையெழுத்துப் போட்டு வண்டியில வச்சிடுவார். யாராவது கேட்டா, உதவியாளர் அதுல வேணுங்கறத அடிச்சுக் குடுத்துடுவார். இது காலங்காலமா நடக்குறதுதான். அதுல ரெண்டு நான் எடுத்தேன். ஒண்ணுல உனக்கு அடிச்சேன்."

"ஏன்டா, வாயத் தெறந்து ஒரு வார்த்த கேக்க வேண்டியதுதானே? ஆறு வருஷமா வண்டி ஓட்டுற!"

"ஆறு வருஷமா என்னை 'டிரைவர்'னுதான் கூப்பிடுறார். என் பேரு அவருக்குத் தெரியாதுக்கா. உன்கிட்டயும் மாமாகிட்டயும், நான் சொன்னா அவர் தட்ட மாட்டார்னு அளந்து விட்டுட்டேன். நீயே வந்து கேட்டப்ப, முடியாதுன்னு சொல்ல வாய் வரல."

அவனை அறையலாமா, அணைக்கலாமா என்று அக்காவுக்குத் தெரியவில்லை. தலையில் அடித்துக்கொண்டாள், தன் தலையில்தான்.

"இன்னொண்ணு இருக்குக்கா" என்று அவன் டாஷ்போர்டைத் திறந்து, ஒரு பழைய சாலை வரைபடத்துக்குள் மடங்காமல் வைத்திருந்த தாளை எடுத்துக் காட்டினான். மேலே தலைவர் பெயர், கீழே பச்சை மையில் கையெழுத்து, நடுவில் வெள்ளை. "இதுல 'வாபஸ்'னு அடிச்சிடலாம். யாருக்குத் தெரியப்போகுது?"

"ஒரு தப்ப அழிக்க இன்னொரு தப்பா?"

"மணி மூணுக்கா."

*

நாலரை மணிக்கு ஷெட்டின் அலுவலக அறையில் மூன்று பேரும் இருந்தார்கள். அறை என்றால், மாதிரிப் பெட்டிகளை ஒரு பக்கம் அடுக்கி, மீதி இடத்தில் ஒரு மேஜையும் கணினியும் பிரிண்டரும் வைத்த மூலை. தடுப்புக்கு அந்தப் பக்கம் பழைய மெஷின் டக் டக்கென்று கோணல் கோடு போட்டுக்கொண்டிருந்தது.

விஷயம் தெரிந்ததும் பெட்டிக்காரர் மச்சினனைப் பார்த்த பார்வையை எழுத எனக்குப் பக்கம் போதாது. "ஆறு வருஷமா 'தலைவர்கிட்ட சொல்றேன் மாமா, தலைவர்கிட்ட சொல்றேன் மாமா'ன்னு... உன்னை நம்பி நான் நாலு பேர்கிட்ட வேற பெருமை பேசிட்டேன்டா."

"விடுங்க" என்றாள் அக்கா. "டேய், அடிச்சுத் தொலை. அரை மணி நேரம்தான் இருக்கு. இது ஒண்ணு முடிஞ்சா அப்புறம் செத்தாலும் சிபாரிசுன்னு ஒரு வார்த்த இந்த வீட்டுல வரக் கூடாது."

தம்பி கணினிமுன் உட்கார்ந்தான். அப்போதுதான் போன் வந்தது. மேலாளர் அம்மா. அக்கா எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"அம்மா, இனி வாபஸெல்லாம் வேணாம். மேல இருந்து சரிபார்க்கத் தலைவருக்கே நேரா போன் பண்ணிட்டாங்க."

தம்பி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான்.

"அவர் என்ன சொன்னாராம்?" என்றாள் அக்கா.

"'ஆமா, நான்தான் குடுத்தேன். நம்ம அம்மாதான், ரொம்ப வருஷப் பழக்கம், குடும்பத்தோட தெரியும். சீக்கிரம் முடிச்சுக் குடுங்க'ன்னு சொல்லிட்டாராம்."

இவர்கள் எப்படி ஒன்றும் பேச முடியாமல் நின்றார்களோ, அப்படித்தான் நானும் நிற்கிறேன். தான் கொடுக்காத கடிதத்தை 'நான் கொடுக்கவில்லை' என்று தலைவர் சொன்னால், அவர் சொல்லி ஒரு வேலை நடந்தது என்ற பெயர் போய்விடுமே! எத்தனை கடிதம் தன் கையெழுத்தில் உலவுகிறது என்று அவருக்கே தெரியாது. கேட்டால் எல்லாவற்றுக்கும் ஆமாம்தான்.

மேலாளர் அம்மா தொடர்ந்தார். "கவுன்சிலர் லெட்டர் வாபஸ் வந்தா வச்சுக்கிறேன். தலைவர் பேர்ல கமிட்டிய நாளைக்கே கூட்டுறாங்க. நாளைக்கே கடன் கெடச்சிடும். சனிக்கிழமை மெஷின் வந்ததும் அவரே வந்து ரிப்பன் வெட்டுறாராம், போட்டோக்காரரோட. நீங்க காலையில பத்து மணிக்கு வந்து ஒரு காகிதத்துல கையெழுத்துப் போடணும். தலைவரை நேர்ல பார்த்து, அவர் கையால லெட்டர் வாங்கினேன்னு."

"நீங்க எழுதின குறிப்பு? அந்தப் பதினாலு வருஷம்?"

"அத எடுத்துட்டாங்கம்மா. 'சிபாரிசின் பேரில்'னு ஒரு வரி போட்டிருக்காங்க. கடன் அதே கடன்தான். நீங்க அதப் பெருசா எடுத்துக்காதீங்க."

"தலைவர், நான் குடுக்கலைன்னு எழுத்துல சொல்லிட்டா?"

"அப்ப என் குறிப்புக்கு மறுபடி உயிர் வரும். மேல இருக்கிறவங்க நம்பணும், அது வேற விஷயம். ஆனா அவர் ஏம்மா அப்படி எழுதப் போறார்?"

போன் வைக்கப்பட்டது. தம்பிக்குத்தான் முதலில் மூச்சு வந்தது. "அக்கா! தலைவரே ஒத்துக்கிட்டார்! தப்பு நடந்த மாதிரியே இல்லாமப் போச்சு! நான் தப்பிச்சேன், உனக்குக் கடனும் வந்தாச்சு. ஒரு கையெழுத்துதானே?"

"அவன் சொல்றதும் சரிதான்" என்றார் பெட்டிக்காரர், யாரையும் பார்க்காமல். "சனிக்கிழமை போச்சுன்னா மெஷின் போச்சு. அந்தப் பக்கம் பதினோரு பேர் நிக்கிறாங்க."

அக்கா பக்கத்திலிருந்த மாதிரிப் பெட்டி ஒன்றை எடுத்து மூடினாள். மடல் இரண்டும் சந்திக்கவில்லை. ஒரு விரல் இடைவெளி. அதை அழுத்தி அழுத்திப் பார்த்தாள்.

"பதினாலு வருஷம் நான் வரிசையில நின்னேன்" என்றாள். "அந்த ஆளை நான் போஸ்டர்லதான் பார்த்திருக்கேன். அவர் ரிப்பன் வெட்டுவார். இந்த மெஷின் அவர் போட்ட பிச்சைன்னு ஊரே பேசும். நாளைக்குத் தேர்தல் வந்தா பெட்டி அவருக்கு ஓசியில போகணும். அடுத்த தடவை கடனுக்குப் போனா, தலைவர் லெட்டர் எங்கம்மான்னு கேப்பாங்க. என் பேர்ல இருந்தது அந்த மூணு வரி மட்டும்தாங்க. அதையும் எடுத்துட்டாங்க."

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். மேஜைமேல் கிடந்த அந்தத் தாளை எடுத்து, பச்சைக் கையெழுத்து சரியாகக் கீழே விழும்படி பிரிண்டரில் தானே செருகினாள்.

"அடிடா."

"என்னன்னுக்கா? வாபஸ்தான் வேணாம்னுட்டாங்களே?"

"வாபஸ் இல்ல. நான் சொல்றத அடி. 'இந்த அம்மா யாரென்று எனக்குத் தெரியாது. இவருக்காக நான் எந்தக் கடிதமும் கொடுக்கவில்லை.'"

பெட்டிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அந்த லெட்டர் பேடில் இதுவரை அச்சானவற்றில் இது ஒன்றுதான் முழு உண்மையாக இருக்கும் என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும்.

தம்பியின் விரல்கள் எழுத்துகளுக்கு மேலே நின்றன. "அக்கா, இது அவர் கண்ணுல பட்டா தாள் எங்கேருந்து போச்சுன்னு தோண்டுவாங்க. என் வேலை போயிடும். வேலையோட போனாப் பரவாயில்ல."

"நீ அடிக்கலைன்னா என் பதினாலு வருஷம் போயிடும்."

அவன் திரும்பி மாமாவைப் பார்த்தான். மாமா அக்காவைப் பார்த்தார். அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் இன்னும் ஒரு எழுத்துகூட விழவில்லை.